லஹாட் டத்துவிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம்

எங்கள் பினாங்கு வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். மின்சார பில், கிளினிக் சீட்டு, அரசாங்கக் கடிதம், கோயில் நோட்டீஸ், எதுவானாலும் சரி. அப்பா துறைமுகத்தில் லாரிக்குச் சரக்கு ஏற்றியவர்; கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அக்கா படிவம் மூன்றை, அதாவது ஒன்பதாம் வகுப்பை, முடித்த கையோடு ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். டிப்ளோமா வரை போய்ச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் ஒரு சந்தேகம் எழுந்தால், “அவன் வரட்டும், கேட்டுக்கலாம்” என்பார்கள். நானும் வந்து பதில் சொல்வேன். தெரியாததற்கும் பதில் சொல்லிவிட்டுப் பிறகு தெரிந்துகொண்ட நாட்கள் உண்டு.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில், விமானத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், நடுவில் எங்கே இறக்கி எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் எனக்குத் தினசரிப் பாடம். ஆகவே அக்காவின் கல்யாணம் நிச்சயமாகி, அம்மா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

“லஹாட் டத்துலேர்ந்து பிளேன்ல வர எவ்ளோ நேரம்டா ஆகும்?”

லஹாட் டத்து, நாட்டின் மறுபாதியில் கடலுக்கு அப்பால் இருக்கும் சபா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் ஒரு சிறிய ஊர். அங்கிருந்து ஒரு மணி நேரம் செம்மண் சாலையில் போனால் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை ஆலை. அந்த ஆலையில் பாய்லர் பார்ப்பவர் என் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக பினாங்குக்கு வந்துபோனபோது அக்காவுக்குப் பத்து வயது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன் வேலை. மாலை அவர் போட வேண்டும். புடவைத் தட்டு அவர் கையிலிருந்து வர வேண்டும். அக்கா வயதுக்கு வந்த சடங்குக்கு மாமாவால் வர முடியவில்லை. அந்த வாரம் ஆலையில் பாய்லர் பரிசோதனை. அன்றைக்கு அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவர் மாமன் இடத்தில் நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் படங்களை அம்மா யாருக்கும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

பரிசம் போட வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “மாமன் முறைக்கு ஆளு இருக்கா, இல்ல இங்கயே யாரையாச்சும் நிப்பாட்டிக்கிறீங்களா?”

“என்கூடப் பொறந்தவன் இருக்கான்க்கா. சபாலேர்ந்து வருவான்” என்றார் அம்மா.

“சபாலேர்ந்தா? வரட்டும் வரட்டும்.”

இரண்டாவது ‘வரட்டும்’ அம்மாவுக்குத் தைத்துவிட்டது. அதன் பிறகுதான் சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வி.

நான் கைப்பேசியை எடுத்தேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தைச் சொல்லும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. தட்டினேன். இரண்டு புள்ளிகள், நடுவில் ஒரு கோடு. சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் இரண்டே முக்கால் மணி. நேர வித்தியாசம்: இல்லை. கோடு ஏறக்குறைய மட்டமாக, கிழக்கிலிருந்து மேற்கே, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் கடலின்மேல் வந்தது.

“ரெண்டே முக்கால் மணி நேரம்மா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். காலையில பசியாறிட்டு ஏறினா மத்தியானம் இங்க சோறு.”

அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இருபது வருடமாகத் தம்பி உலகத்தின் கடைசியில் இருக்கிறான் என்று நினைத்திருந்தவர். அடுத்த நாள் லிட்டில் இந்தியாவில் அவர் மசாலாப் பொட்டலம் போடும் கடை முழுக்க அந்தக் கணக்கு பரவிவிட்டது. “ரெண்டே முக்கால் மணி நேரந்தானாம். நம்ம கோலாலம்பூருக்கு பஸ்ல போறதுல பாதி நேரம்.” எதிர்ப்பக்கப் புடவைக்கடை அண்ணன் என்னை நிறுத்தி, “என்னப்பா, உங்க மாமா ரெண்டே முக்கால் மணி நேரத்துல வர்றாராமே” என்றார்.

டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் அந்தக் கோட்டில் பறக்கிற விமானம் ஒன்றும் கிடையாது என்று தெரிந்தது. அந்த இணையப் பக்கம் தூரத்தைச் சொன்னதே தவிர, யாராவது அப்படிப் பறக்கிறார்களா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லஹாட் டத்துவிலிருந்து இறக்கையில் விசிறி சுழலும் ஒரு சிறிய விமானத்தில் சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவுக்கு வர வேண்டும். அங்கே காத்திருந்து பினாங்குக்குப் பெரிய விமானம்.

நான் அசரவில்லை. சரக்குப் பெட்டிகள் இதைவிடக் கஷ்டமான வழியில் போயிருக்கின்றன. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை மாலை வீட்டில் நலங்கு. சனிக்கிழமை பன்னிரண்டரைக்குச் சிறிய விமானம், மூன்று மணிக்குப் பெரிய விமானம், ஆறு மணிக்கு பினாங்கு. ஏழரைக்கு நலங்கு. எல்லாவற்றையும் வரிசையாக எழுதி மாமாவுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கூப்பிட்டும் சொன்னேன்.

“பத்தே முக்காலுக்கு வீட்ட விட்டு எறங்கினா போதும் மாமா. பதினொன்னே முக்காலுக்கு ஏர்போர்ட். சின்ன ஏர்போர்ட்தானே, அதுக்கு முன்னாடி போய் என்ன பண்ணப் போறீங்க?”

“பத்தே முக்கால். சரி மாப்ளே. நீ சொன்னா சரிதான்.”

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் குவீன் ஸ்ட்ரீட் பூக்கடையில் நின்று, நலங்குக்குக் கட்டச் சொன்ன சரத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. கோத்தா கினபாலுவில் இறங்குவதற்குள் எப்படிக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“மாப்ளே, பிளேன் போயிருச்சுய்யா.”

“எங்க போயிருச்சு?”

“நான் ஏர்போர்ட்டுலதான் நிக்கிறேன். அது போயிருச்சு.”

“பத்தே முக்காலுக்குக் கெளம்பலியா மாமா?”

“எப்பிடிக் கெளம்புறது? ராகு காலம் லா. பதினொன்னு அம்பதுக்குத்தான் முடிஞ்சுது. முடிஞ்ச ஒடனே கார்ல ஏறிட்டேன். எங்க ஆலைப் பையன் ஒருத்தன், கெரேத்தாவ என்னா ஓட்டு ஓட்டினான் தெரியுமா?”

பூக்கடை அக்கா சரத்தை வாழை இலையில் சுற்றியபடி என் முகத்தைப் பார்த்தார்.

“முன்னாடியே கெளம்பியிருக்கலாமே மாமா?”

“கெளம்பியிருப்பேன். நீ பத்தே முக்கால்னு அழுத்திச் சொன்னியா, படிச்ச புள்ள, ராகு காலமெல்லாம் பாத்துத்தான் சொல்லுதுன்னு நெனச்சுட்டேன். பத்தரைக்குப் பையத் தூக்கிட்டுக் காலண்டரப் பாக்குறேன், ராகு காலம் ஓடிக்கிட்டு இருக்கு. கல்யாணத்துக்கு மாமன் முறைக்குப் போறவன் அதுல எப்பிடிய்யா வாசல் தாண்டுறது?”

“என்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

“எங்க ஆலையில லைன் கெடைக்கிறது உனக்குத் தெரியாதா?”

“சரி மாமா. அங்கயே இருங்க. கவுண்டர விட்டு நகராதீங்க. அஞ்சு நிமிசத்துல கூப்புடுறேன்.”

பூக்கடை அக்கா சரத்தை நீட்டினார். “மாமா விட்டுட்டாரா பிளேன?”

“ஆமாக்கா.”

“ராகு காலத்துல பொறப்படாம இருந்தாரே, அதுக்கே ஒரு நல்லது நடக்கும் பாரு” என்றார். எனக்கு அப்போது அந்த நல்லதில் நம்பிக்கை இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கூடத்தில் சொந்தக்காரப் பெண்கள் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“எத்தன மணிக்குக் கெளம்பச் சொன்னே?”

“பத்தே முக்கால்.”

“சனிக்கெழம பத்தே முக்காலா?” அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மளிகைக் கடை கொடுத்த நாள்காட்டி தொங்கியது. “ராகு காலத்துல அவன எறங்கச் சொன்னியா? மூணாவது படிச்ச நானே எங்கயாச்சும் போறதுன்னா அந்தத் தாளப் பாத்துட்டுத்தானேடா கெளம்புறேன். உனக்குப் பாக்கத் தோணலியா?”

எனக்குத் தோன்றவில்லை. என் பெட்டிகள் ராகு காலம் பார்ப்பதில்லை. அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் தெரிந்தது. நாள்காட்டியின் அருகே போய் நின்றேன். ராகு காலம் 10.20 முதல் 11.50 வரை. மாமா சொன்ன அதே நேரம். இருக்காதா பின்னே? ஒவ்வொரு வருடமும் அம்மா இதே நாள்காட்டியில் இன்னொன்று கேட்டு வாங்கி, சுருட்டித் தம்பிக்குத் தபாலில் அனுப்பிவைப்பார்.

அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பினாங்கு சூரிய உதயத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது. உதயம் 7.20.

அதைப் பார்த்ததும் மாமா போனில் அடிக்கடி சொல்லும் ஒன்று காதில் விழுந்ததுபோல் இருந்தது. “இங்க ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துரும் மாப்ளே, நீங்கெல்லாம் இன்னும் தூங்கிட்டு இருப்பீங்க.” எத்தனை வருடமாகக் கேட்ட பேச்சு. கேட்டுச் சிரித்ததோடு சரி.

ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்துதான் எண்ணுவார்கள். சனிக்கிழமையில் உதயமாகி மூன்று மணி நேரம் கழித்துத் தொடங்கும். கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நாடு ஒன்று என்பதால் ஒரே மணியை வைத்திருக்கிறோம். சூரியனுக்கு அது தெரியாதே. இரண்டாயிரம் கிலோமீட்டரைக் கடந்து இங்கே வர அதற்கு ஒரு மணிக்கும் மேலே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அப்படியானால் லஹாட் டத்துவில் ராகு காலம் ஒன்பதுக்குச் சற்றுப் பிந்தித் தொடங்கி பத்தரையை ஒட்டி முடிந்திருக்கும். மாமா பையைத் தூக்கிக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்தாரே, அந்த நிமிடம் அவருடைய ஊரில் அது முடிகிற நேரம். நான் சொன்ன பத்தே முக்கால் நல்ல நேரம்தான். ஆனால் அதை நான் தெரிந்து சொல்லவில்லை. மாமாவும் தெரிந்து மீறவில்லை. பினாங்கின் ராகு காலம் முடியட்டும் என்று அவர் சபாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அம்மாவிடம் விளக்கினேன். முழுதும் கேட்டார்.

“அப்ப தப்பு அவன் மேலயும் இல்ல, உன் மேலயும் இல்லங்குற.”

“என் மேலதாம்மா. கேட்டிருக்கணும்.”

“இதையெல்லாம் நேத்து சொல்லணும். இப்ப சொல்லி நான் என்ன பண்றது? சாயங்காலம் அந்தப் பெரியம்மா வந்து நிப்பாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நலங்கு போனாப் போவுது. நாளைக்கு அவன் வரணும்டா. என் தம்பி கையப் புடிச்சுத்தான் அவ வெளிய வரணும். எப்பிடியாவது பண்ணு.”

அலுவலகத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டியைக் கிளப்புவதற்கு முன் அந்த முனையில் இருப்பவரைக் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் எது குறுக்கே நிற்கும் என்று கேட்டுவிடுவேன். சாலையில் பாலம் வேலையா, கிடங்கு எத்தனை மணிக்கு மூடும், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் ஆள் இருப்பார்களா. முன்பின் தெரியாத ஒரு கிடங்கு ஆளிடம் கேட்ட கேள்வியை என் மாமாவிடம் கேட்கவில்லை. அம்மாவின் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, மடிக்கணினியை அரிசி டின் மேல் வைத்துக்கொண்டு, அதை முதலில் செய்தேன்.

“மாமா, இனிமே நான் ஒரு டைம் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. என்னென்ன பாக்கணும்? எதுல முடியாது?”

“முட்டி வலி இருக்கு, ஓட முடியாது. அது ஒண்ணு. அப்புறம் பொட்டி ஒண்ணு இருக்கு.”

“என்ன பெட்டி?”

“உங்க அம்மாவுக்குக் காஞ்ச எறா. ஆறு கிலோ.”

“கல்யாணத்துக்கா?”

“அக்கா கேட்டுச்சுய்யா.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

“சரி மாமா. பெட்டிய பெல்ட்டுல போட்டா அது வர்ற வரைக்கும் நீங்க நிக்கணும். அங்க யாருக்காவது குடுத்துடுங்க. புடவையையும் வேட்டியையும் கைப்பையில வச்சுக்குங்க. அடுத்த ராகு காலம் நாளைக்குச் சாயங்காலந்தான். அதுவரைக்கும் நீங்க எந்த வாசலும் தாண்டலாம்.”

“பாத்துட்டியா?”

“ரெண்டு ஊருக்கும் பாத்துட்டேன்.”

அவர் சிரித்தது கேட்டது. எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பள்ளி விடுமுறைக் காலம். கோத்தா கினபாலுவிலிருந்து பினாங்குக்கு மறுநாள் மாலை வரை இடமில்லை. நாலு மணிக்குச் சிறிய விமானத்தில் ஒரு சீட்டு இருந்தது; பிடித்தேன். கோத்தா கினபாலுவிலிருந்து கோலாலம்பூருக்கு இரவு விமானம், பிடித்தேன். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஞாயிறு காலை விமானங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. இரவு பஸ்களிலும் இடமில்லை. முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பினாங்குக்கு வடக்கே, கெடா மாநிலத்து வயல்களுக்கு நடுவில் அலோர் ஸ்டார் விமான நிலையம். கோலாலம்பூரிலிருந்து அங்கே காலை ஏழு மணிக்கு ஒரு விமானம், எட்டு ஐந்துக்கு இறங்கும். ஒரே ஒரு சீட்டு மிச்சம்.

அலோர் ஸ்டாரிலிருந்து ஜார்ஜ் டவுனில் இருந்த மண்டபத்துக்கு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி. கணக்கு ஒன்பது நாற்பத்தைந்தில் வந்து நின்றது. முகூர்த்தத்துக்குள்தான். ஓட முடியாத முட்டிக்கும், தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசலுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டேன். பத்து மணி. இந்த முறை அம்மாவிடம் அந்த நேரத்தைத்தான் சொன்னேன்.

“பத்து மணிக்கு மண்டபத்துல இருப்பாரும்மா.”

“மறுபடியும் ரெண்டே முக்கால் மணி நேரக் கணக்கு இல்லியே?”

“இல்லம்மா. இது பதினெட்டு மணி நேரக் கணக்கு.”

மாலையில் நலங்கு நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா அக்காவின் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். “மாமன் எங்க? ரெண்டே முக்கால் மணி நேரத்துல வர்றாருன்னாங்க?” கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அம்மா மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கு வர்றான்க்கா” என்றார். அக்கா தலையை நிமிர்த்தாமல், “மாமா வராம நான் ரூம விட்டு வெளிய வரமாட்டேன் பெரியம்மா” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பட்டு வேட்டியோடு காரில் ஏறினேன். பெண்ணின் தம்பிக்கு மண்டபத்தில் ஆயிரம் வேலை. அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பியபோது வலப்பக்கம் வானம் வெளுத்தது. சுங்கை பட்டாணி தாண்டி வயல்கள் வந்தன. எட்டு மணிக்கு முன்பே அலோர் ஸ்டாரில் வாசலுக்கு நேரே நின்றுவிட்டேன். அந்த விமான நிலையத்தில் ஒருவர் வெளியே வருவதைத் தவறவிடவே முடியாது, ஒரு வாசல்தான்.

மாமா வந்தார். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். பாய்லர் சூட்டில் கறுத்த முகம், தோளில் ஒரு பை, கையில் நெஞ்சோடு அணைத்த ஒரு துணிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினார்.

“ஓட முடியாதுன்னு சொன்னீங்க?”

“ஓடல லா. சீக்கிரமா நடந்தேன்.”

காரில் ஏறியதும் முன் சீட்டிலேயே சட்டையை மாற்றினார். பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது ராகு காலக் கதையைச் சொன்னேன். சூரியன், உதயம், இரண்டு ஊர், எல்லாம். பாதிப் பொத்தானில் கையை நிறுத்திவிட்டார்.

“அப்ப இருபது வருசமா நான் பாத்துக்கிட்டு இருந்தது உங்க ஊரு ராகு காலமா?”

“ஆமா மாமா.”

“என் ஊரு ராகு காலத்துல நான் பாட்டுக்கு எல்லாத்தையும் பண்ணிக்கிட்டு இருந்தேன்?”

“அப்படித்தான் ஆகுது.”

மீதிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். பிறகு, “மோட்டார்சைக்கிள் எடுத்தது சனிக்கெழம. ஒம்பதரை மணி. அந்தக் காலண்டரு பாத்துத்தான் போனேன்” என்றார்.

“என்ன ஆச்சு?”

“இன்னும் ஓடுது.” மேலும் யோசித்தார். “பாய்லர் பரீட்சைக்குப் போனதும் அப்பிடித்தான். பாஸாயிட்டேன்.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இத அக்காகிட்ட சொல்லிராத. மனசு ஒடிஞ்சிரும்.”

“அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன் மாமா.”

“என்ன சொல்லுச்சு?”

“அதுக்கு மொத நாளே சொல்லியிருக்கணும்னாங்க.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் துணிக்கடைப் பையைத் திறந்து, உள்ளே புடவை இருக்கிறதா என்று பார்த்தார். குருண் ஊரைத் தாண்டுவதற்குள் மூன்று முறை பார்த்துவிட்டார்.

“மாப்ளே. புள்ளைக்கு என்னத் தெரியுமா?”

“வாராவாரம் டவுனுக்கு வந்து வீடியோவுல பேசுறீங்க, தெரியாமலா?”

“வீடியோவுல பாக்குறது வேற. பத்து வயசுல பாத்தது. எம் பக்கத்துல நிக்கிறதுக்கு அதுக்குக் கூச்சமா இருக்குமோ என்னமோ. படிக்காத ஆளு, எண்ணெய் நாத்தம்.”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நேற்று அக்கா பெரியம்மாவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். மாமா பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திறக்கவில்லை.

ஒன்பதேகாலுக்கு அம்மா கூப்பிட்டார். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டேன். “எங்க இருக்கே?”

“பட்டர்வொர்த் தாண்டிட்டோம்.”

“அவன் கூட இருக்கானா?”

“கூடத்தான் இருக்கேன் அக்கா” என்றார் மாமா.

அம்மா, “பசியாறினியாடா?” என்றார். மாமா, “பிளேன்ல குடுத்தாங்க” என்று பொய் சொன்னார்.

பாலத்தில் எதிர்பார்த்தபடி நெரிசல். நடுவில் ஒரு வேன் பழுதாகி நின்றிருந்தது. நாங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒன்பதரை தாண்டியது, ஒன்பது நாற்பது ஆனது. மாமா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். “பதினஞ்சு நிமிசம் கூட வச்சிருக்கேன் மாமா” என்றேன். “தெரியும்” என்றார். வேனைத் தாண்டியதும் சாலை திறந்தது.

மண்டப வாசலில் நிறுத்தியபோது பத்துக்கு நாலு நிமிடம். உள்ளே மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் ஒரு மந்திரத்தை முடித்துவிட்டு, பெண்ணை அழைத்து வாருங்கள் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மணமகள் அறைக் கதவுக்கு முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் அம்மா. பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா, “நேரம் போவுது, யாராச்சும் ஒருத்தர் கையப் புடிச்சுக் கூட்டியாங்கம்மா” என்று சொல்வது கேட்டது.

அம்மா எங்களைப் பார்த்துவிட்டார். தம்பியை நோக்கி ஓடிவருவார் என்று நினைத்தேன். அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெரியம்மாவின் முழங்கையை மெதுவாகத் தொட்டு, “இவன்தான்க்கா” என்றார்.

பெரியம்மா மாமாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. “சபாலேர்ந்தா?” என்றார்.

“ஆமாங்க. நேத்து கெளம்பினது.”

“நேத்தா?” அவர் குரல் இறங்கியது. முன்னால் நின்ற பெண்களைக் கையால் விலக்கினார். “தள்ளுங்க, தள்ளுங்க. மாமன் வந்துட்டாரு, வழிய விடுங்க.”

கதவு உள்ளேயிருந்து திறந்தது. அக்கா பட்டுப் புடவையில், நெற்றிச்சுட்டியோடு நின்றாள். மாமா கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் பின்வாங்கி, உள்ளங்கையை வேட்டியில் ஒருமுறை துடைத்தார். அதற்குள் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க மாமா.”

“உன் தம்பி ஓட்டின ஓட்டு.”

இருவரும் நடந்தார்கள். அறைக் கதவிலிருந்து மணவறை வரை முப்பது அடிகூட இருக்காது. முட்டி வலியால் மாமா மெல்லத்தான் நடந்தார். அக்காவும் அவருக்காக மெல்ல நடந்தாள். நாதஸ்வரக்காரர் அதைக் கவனித்துத் தாளத்தை இழுத்துக்கொண்டார். அம்மா பின்னாலேயே வந்தார், தம்பி கொண்டுவந்த புடவையை வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. படம் பிடிப்பவரைப் பார்த்து, “எல்லாத்தையும் எடுப்பா, ஒண்ணும் விடாத” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்தேகாலுக்குத் தாலி கட்டினார்கள்.

பந்தியில் மாமாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவர் வயிற்றில் சோறே விழவில்லை என்பது அவர் சாப்பிட்ட விதத்தில் தெரிந்தது. அம்மா பரிமாறுகிறவரை இரண்டு முறை திரும்ப அழைத்தார். மூன்றாவது முறை ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே மாமா என் பக்கம் சாய்ந்தார்.

“புதன்கெழம பாய்லர்ல நிக்கணும் மாப்ளே. திரும்பிப் போறதுக்கும் நீயே போட்டுக் குடு.”

“இவன்கிட்டயா?” என்றார் அம்மா.

“வேற யாருகிட்ட?” என்றார் மாமா. ரசத்தை உறிஞ்சிவிட்டு, “நல்லாத்தான லா கொண்டாந்து சேத்தான்” என்றார்.

அம்மா தன் இலையிலிருந்த அதிரசத்தை எடுத்து என் இலையில் வைத்தார். நான் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கைப்பேசியை எடுத்து, “எத்தன மணிக்கு மாமா கெளம்பணும்? நீங்க சொல்லுங்க” என்றேன்.